பழைய கேம்பேடுகளை மைக்ரோகண்ட்ரோலரில் படிக்கும் லைப்ரரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிண்டெண்டோ, சேகா, பிளேஸ்டேஷன் முதலிய பழைய கேம்பேடுகளை ஆர்டுயினோ வகைப் போர்டுகளில் படிப்பதற்கான சிறிய லைப்ரரி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதைப் பயன்படுத்துபவர்கள் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் "லைப்ரரி வேலை செய்யவில்லை" என்று தொடங்கி, ஒரு கம்பியிலோ மின்னழுத்தத்திலோ சில மைக்ரோ விநாடிகளிலோ போய் முடிகின்றன. தவறான விடைக்கும் ஒரு வடிவம் உண்டு. எல்லாம் பூஜ்யமாக வருவது, எல்லாம் ஒன்றாக வருவது, ஓரிடம் தள்ளி வருவது, சில நேரம் மட்டும் சரியாக வருவது என்ற நான்கும் நான்கு வேறு இடங்களைச் சுட்டுகின்றன. ஆகவே கீழே உள்ள பதில்கள் பேடின் பெயரை விட அறிகுறிக்கே முதலிடம் தருகின்றன.

விடை தவறாக வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பொத்தான்களின் பெயர்களை விட்டுவிட்டு, பேடிலிருந்து வந்த பிட்களை அப்படியே திரையில் அச்சிட்டுப் பாருங்கள். லைப்ரரியின் மேலடுக்கு, வந்த பிட்களுக்குப் பெயர் சூட்டும் வேலையை மட்டுமே செய்கிறது. பெயர் சூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தான் வேலை செய்யவில்லை என்பது தெரியுமே தவிர, ஏன் என்பதற்கான தடயம் அழிந்துவிடும். எதையும் அழுத்தாமல் ஒருமுறை, ஒரே ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு ஒருமுறை, பேடைக் கழற்றிவிட்டு ஒருமுறை என மூன்று முறை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இம்மூன்றும் ஒன்றுபோலவே இருந்தால், நீங்கள் இதுவரை பேடைப் படிக்கவே இல்லை; எங்கும் இணையாத ஒரு கம்பியைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என்இஎஸ் பேடில் எதையும் தொடாதபோதே எல்லாப் பொத்தான்களும் அழுத்தப்பட்டதாகக் காட்டுகிறது. ஏன்?

என்இஎஸ் என்ற நிண்டெண்டோவின் பழைய கருவியின் பேடுக்குள் இருப்பது சிடி4021 என்ற எட்டு பிட் ஷிப்ட் ரிஜிஸ்டர். எட்டுப் பொத்தான்களின் நிலையை ஒரே நேரத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒன்றாக டேட்டா கம்பியில் அது வெளியே அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் டேட்டா கம்பி தாழ்நிலைக்கு வரும், விட்டால் உயர்நிலைக்குப் போகும். எனவே எல்லாம் அழுத்தப்பட்டிருக்கிறது என்று லைப்ரரி சொல்வதற்கு, டேட்டா கம்பி எப்போதும் பூஜ்யத்தில் கிடக்கிறது என்பதே பொருள். டேட்டா கம்பி கிரவுண்டோடு ஒட்டியிருக்கலாம். நிரலில் தவறான முனை எண் கொடுக்கப்பட்டிருக்கலாம். அல்லது பேடுக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம்.

இந்த மூன்றாவது காரணம் சற்று ஏமாற்றுக்கார வகை. 5 வோல்ட் கம்பி அறுந்திருந்தாலும் பேடு பாதி வேலை செய்யும். சிப்பின் உள்ளீட்டு முனைகளில் இருக்கும் பாதுகாப்பு டையோடுகள் வழியாக, உயர்நிலையில் நிற்கும் கிளாக் கம்பியிலிருந்தே சிப் மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது சில பொத்தான்கள் சரியாக வரும், சில வராது, இரண்டைச் சேர்த்து அழுத்தினால் எல்லாம் குழம்பும். நானும் இரண்டு மாலைகள் நிரலைத் திருத்தித் திருத்தி எழுதிவிட்டு, கடைசியில் ஜம்பர் ஒயர் ஒன்று பிரெட்போர்டில் சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடித்தவன். பேடைத் திறந்து சிப்பின் மின் முனையிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 5 வோல்ட்டுக்குப் பதிலாக நான்கு சொச்சம் காட்டினால், சிப் திருட்டு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதை அழுத்தினாலும் ஒன்றும் பதிவாகவில்லை, எல்லாம் ஒன்றாகவே வருகிறது. இது என்ன?

டேட்டா கம்பி இணையவில்லை. லைப்ரரி அந்த முனையில் கம்பியை உயர்நிலைக்கு இழுக்கும் உட்புறப் புல்-அப் மின்தடையை இயக்குவதால், பேடு இல்லாதபோது கம்பி உயர்நிலையில் நிற்கும்; யாரும் எதையும் அழுத்தவில்லை என்பதற்கும் பேடே இல்லை என்பதற்கும் அந்த நிலையில் வேறுபாடு தெரியாது. பேடைக் கழற்றிவிட்டு, 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக டேட்டா முனையைக் கிரவுண்டில் தொடுங்கள். பிட்கள் பூஜ்யமானால் போர்டும் நிரலும் சரி, குறை கம்பியிலோ பேடிலோதான் இருக்கிறது.

ஏ பொத்தானை அழுத்தினால் மட்டும் எட்டு பிட்களும் மாறுகின்றன. மற்றவற்றுக்கு எந்த அசைவும் இல்லை.

பொத்தான்களின் நிலையைப் பிடித்துவைக்கச் சொல்லும் லாட்ச் கம்பி உயர்நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது அல்லது கிளாக் கம்பி பேடுக்குப் போய்ச் சேரவில்லை. லாட்ச் உயர்ந்திருக்கும் வரை 4021 நகராது. வரிசையில் முதலில் நிற்கும் பொத்தானின் நிலையையே வெளியீட்டில் காட்டிக்கொண்டிருக்கும். என்இஎஸ்ஸில் அந்த முதல் பொத்தான் ஏ, சூப்பர் என்இஎஸ்ஸில் அது பி. லாட்ச், கிளாக் ஆகிய இரண்டு கம்பிகளும் இடம் மாறிப்போனால் வரும் குழப்பமும் பார்வைக்கு இதைப் போலவே இருப்பதால், அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் அதற்கு அடுத்த பொத்தானின் பெயர் வருகிறது.

லைப்ரரியின் வாசிப்புப் பகுதியைத் தாமே எழுதிக்கொள்பவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு இது. லாட்ச் துடிப்பு முடிந்ததுமே முதல் பிட் டேட்டா கம்பியில் வந்து காத்திருக்கிறது. அதற்குக் கிளாக் துடிப்பு தேவையில்லை. முதலில் துடிப்பை அனுப்பிவிட்டுப் பிறகு படித்தால், ஏ பொத்தான் தொலைந்துபோய், பி பொத்தான் ஏ-யின் இடத்துக்கு வந்துவிடும். படித்த பிறகுதான் துடிக்க வேண்டும். என்இஎஸ்ஸின் வரிசை ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். உங்களுக்கு வரும் விடை இந்த வரிசையில் சரியாக ஓரிடம் விலகியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

என்இஎஸ் பேடைச் செருகினால், அதில் இல்லாத எக்ஸ், எல், ஆர் பொத்தான்கள் எப்போதும் அழுத்தப்பட்டிருப்பதாக வருகிறதே?

லைப்ரரியில் பேடின் வகை சூப்பர் என்இஎஸ் என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. சூப்பர் என்இஎஸ் பேடு பதினாறு பிட்களை அனுப்பும். முதல் எட்டு பி, ஒய், செலக்ட், ஸ்டார்ட், நான்கு திசைகள்; அதன் பின் ஏ, எக்ஸ், எல், ஆர்; கடைசி நான்கும் எப்போதும் உயர்நிலை. என்இஎஸ் பேடிலோ எட்டு பிட்கள்தாம் உண்டு. அதன் ஷிப்ட் ரிஜிஸ்டரின் தொடர் உள்ளீடு கிரவுண்டில் கட்டப்பட்டிருப்பதால் ஒன்பதாவது பிட்டிலிருந்து தாழ்நிலையே வரும். அதை லைப்ரரி அழுத்தப்பட்ட பொத்தான்களாக எடுத்துக்கொள்கிறது. கடைசி நான்கு பிட்களைப் பார்த்தே இரண்டு பேடுகளையும் லைப்ரரி தானாகப் பிரித்தறியலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அசல் பேடுகளில் அது சரியாக நடக்கும். நகல் பேடுகள் எட்டாவது பிட்டுக்குப் பிறகு தத்தம் விருப்பப்படி நடந்துகொள்வதால், வகையைப் பயனரே சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பரணில் கிடந்த பழைய டிவி கேமின் பேடில் ஒன்பது முனைச் செருகி இருக்கிறது. சேகா என்று தேர்ந்தெடுத்தும் வேலை செய்யவில்லை.

செருகியின் வடிவத்தை நம்பாதீர்கள். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்ற பெயரில் விற்ற கருவிகளில் பல, என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமின் நகல்கள். பேடின் செருகி சேகாவைப் போல ஒன்பது முனைகளோடு இருந்தாலும், உள்ளே பேசப்படும் மொழி என்இஎஸ்ஸின் லாட்ச், கிளாக், டேட்டாதான். லைப்ரரியில் என்இஎஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். எந்த முனை எது என்பதைக் கம்பியின் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், பேடைத் திறந்து, மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் தடம் பிடியுங்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும் இரண்டு பேடுகளில் சிவப்புக் கம்பி ஒன்றில் 5 வோல்ட்டாகவும் மற்றொன்றில் டேட்டாவாகவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

திறந்தால் உள்ளே 4021 என்று எழுதிய சிப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் கறுப்பு எபாக்சிப் பொட்டு ஒன்றுதான் தென்படும். அதில் டர்போ ஏ, டர்போ பி பொத்தான்கள் இருந்தால், அவை தனி பிட்களாக வருவதில்லை. ஏ, பி பிட்களையே பேடு வேகமாக அணைத்து ஏற்றும். நிரலில் அது நடுங்கும் பொத்தானைப் போலத் தெரிந்தாலும், பேடு தன் வேலையைத்தான் செய்கிறது.

சேகா மெகா டிரைவின் ஆறு பொத்தான் பேடில் எக்ஸ், ஒய், இசட் வரவே இல்லை. அல்லது இடது திசையை அழுத்தியதுபோல எக்ஸ் வருகிறது.

இதற்கு நேரம்தான் காரணம். சற்று விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

1988இல் மெகா டிரைவுடன் வந்த மூன்று பொத்தான் பேடில் நினைவாற்றல் எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் 74எச்சி157 என்ற சிப்பு, ஏழாவது முனையான செலக்ட் (பொத்தான் அல்ல, போர்டு இயக்கும் கம்பி) உயர்நிலையில் இருந்தால் பி, சி பொத்தான்களையும், தாழ்நிலையில் இருந்தால் ஏ, ஸ்டார்ட் பொத்தான்களையும் ஆறாவது, ஒன்பதாவது முனைகளில் காட்டும். செலக்ட் தாழ்ந்திருக்கும்போது இடது, வலது முனைகள் இரண்டும் சேர்ந்தே பூஜ்யமாகும். ஒரே திசைப்பலகையில் இடமும் வலமும் ஒருசேர அழுந்த முடியாது என்பதால், இதை வைத்தே செருகியிருப்பது மெகா டிரைவ் பேடு என்று லைப்ரரி அறிகிறது.

1993இல் வந்த ஆறு பொத்தான் பேடு, இதே ஒன்பது முனைகளுக்குள் மேலும் நான்கு பொத்தான்களைத் திணித்தது. அதற்காக அது செலக்ட் துடிப்புகளை எண்ணுகிறது. மூன்றாவது முறை செலக்ட் தாழும்போது நான்கு திசை முனைகளும் பூஜ்யமாகும். ஆறு பொத்தான் பேடுக்கு அடையாளம் அதுவே. உடனே அடுத்து செலக்ட் உயரும்போது மேல், கீழ், இடம், வலம் முனைகளில் முறையே இசட், ஒய், எக்ஸ், மோட் வந்து நிற்கும். அதன் பின் சுமார் 1.5 மில்லி விநாடி செலக்டைத் தொடாமல் விட்டால்தான் பேடு தன் எண்ணிக்கையை மறந்து முதலிலிருந்து தொடங்கும். அசல் கருவியில் விளையாட்டுகள் ஒரு காட்சிச் சட்டத்துக்கு ஒருமுறை, அதாவது 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை மட்டுமே படித்ததால், இந்த மறதிக்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைத்தது.

நீங்கள் லூப்புக்குள் இடைவெளியே விடாமல் வாசிப்புச் செயற்கூறை அழைத்தால் பேடு மறப்பதே இல்லை. லைப்ரரி முதல் துடிப்பு என்று நினைப்பது பேடுக்கு ஐந்தாவதோ ஆறாவதோ ஆகிவிடும். இடது திசையைப் படிக்கும் இடத்தில் எக்ஸ் வந்து உட்காரும். இரண்டு வாசிப்புகளுக்கு இடையே குறைந்தது 2 மில்லி விநாடி விடுங்கள். நான் 4 விடுகிறேன். மனிதக் கை அதைக் கவனிக்கப் போவதில்லை. இதற்கு நேர்மாறாக, ஒரே வாசிப்பின் நடுவில் வேறொரு வேலை புகுந்து 1.5 மில்லி விநாடிக்கு மேல் தாமதமானால், பேடு பாதியிலேயே மறந்துவிடும். எக்ஸ், ஒய், இசட் காணாமல் போவது அதனால்தான். எழுத்துகளைச் சீரியலில் அச்சிடும் வரிகளை வாசிப்பின் நடுவே வைத்துவிட்டு, பேடு பழுதென்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

அதே ஆறு பொத்தான் பேடு சில நாட்களில் மட்டும் மூன்று பொத்தான் பேடாக நடந்துகொள்கிறது.

மின்சாரம் வரும் நேரத்தில் மோட் பொத்தான் அழுந்தியிருந்தால் பேடு மூன்று பொத்தான் நிலைக்குப் போய்விடும். பழைய விளையாட்டுகளோடு ஒத்துப்போவதற்காக வேண்டுமென்றே வைத்த வசதி அது. பேடை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு யுஎஸ்பி கம்பியைச் செருகுகிறீர்களா என்று பாருங்கள்.

அட்டாரி ஜாய்ஸ்டிக்கைச் சேகாவுக்காகக் கட்டிய இணைப்பில் செருகலாமா?

ஜாய்ஸ்டிக் என்றால் செருகலாம். 1977ஆம் ஆண்டின் அட்டாரி 2600 ஜாய்ஸ்டிக்கில் சிப்பு ஏதும் இல்லை, ஐந்து சுவிட்சுகள் மட்டுமே உள்ளன. எட்டாவது முனை எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்ட். இதற்கு நேர்மாறாக, சேகா பேடை அட்டாரி அல்லது கமோடோர் 64 கருவியில் செருகுவதுதான் வம்பு. அங்கே ஏழாவது முனையில் 5 வோல்ட் இருக்கும், சேகா பேடுக்கோ ஐந்தாவது முனையில்தான் மின்சாரம் வர வேண்டும்.

எந்தப் பேடை 5 வோல்ட்டில் இணைக்கலாம், எதற்கு 3.3 வோல்ட் வேண்டும்?

என்இஎஸ், சூப்பர் என்இஎஸ், மெகா டிரைவ் ஆகியவை 5 வோல்ட் பேடுகள். நிண்டெண்டோ 64, பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ வீயின் நன்சக் ஆகியவை 3.3 வோல்ட்டை ஒட்டியவை. ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டில் ஓடுவதால் இரண்டாம் கூட்டத்துப் பேடுகளுக்கு அது ஆபத்து. இஎஸ்பி32 போர்டு 3.3 வோல்ட்டில் ஓடுவதால் முதல் கூட்டத்துப் பேடுகளிலிருந்து வரும் டேட்டா கம்பி அந்தப் போர்டுக்கு ஆபத்து. இரண்டுக்கும் இடையில் மின்னழுத்த அளவை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வைப்பது முறை. சிடி4021 சிப்பு 3 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் என்பதால், அசல் என்இஎஸ் பேடுக்கு 3.3 வோல்ட்டையே கொடுத்து, லெவல் ஷிஃப்டர் இல்லாமல் இஎஸ்பி32-இல் படிப்பதும் நடக்கக்கூடியதே. அப்போது சிப்பு மெதுவாகும் என்பதால் கிளாக் துடிப்பின் அகலத்தைக் கூட்டுங்கள்.

நிண்டெண்டோ 64 பேடு சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் கண்டபடி வருகிறது.

இப்பக்கத்தில் உள்ள எல்லாப் பேடுகளிலும் கடினமானது இதுதான். 1996இல் வந்த நிண்டெண்டோ 64, தன் பேடோடு ஒரே ஒரு டேட்டா கம்பியில் பேசுகிறது. கிளாக் கம்பி கிடையாது. ஒவ்வொரு பிட்டும் 4 மைக்ரோ விநாடி நீளம். 3 மைக்ரோ விநாடி தாழ்ந்து 1 மைக்ரோ விநாடி உயர்ந்தால் பூஜ்யம், 1 தாழ்ந்து 3 உயர்ந்தால் ஒன்று. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஊனோவுக்கு 1 மைக்ரோ விநாடி என்பது பதினாறே கடிகாரச் சுற்றுகள். ஆர்டுயினோவின் வழக்கமான டிஜிட்டல் எழுத்துக் கட்டளை ஒன்றுக்கே சில மைக்ரோ விநாடிகள் ஆகிவிடும் என்பதால், அதைக் கொண்டு இந்தப் பேடோடு பேசவே முடியாது. முனைகளை இயக்கும் போர்ட் ரிஜிஸ்டரை நேரடியாகத் தொட வேண்டும்.

நேரக் கணக்கை மில்லி விநாடிகளாக வைத்திருக்கும் டைமர் இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்தும் குறுக்கீடு) ஊனோவில் 1.024 மில்லி விநாடிக்கு ஒருமுறை குறுக்கே வரும். அது வாசிப்பின் நடுவே விழுந்தால் ஒன்றிரண்டு பிட்கள் கெடும். சில நேரம் மட்டும் தவறு வருவதன் இரகசியம் இதுதான். ஆகவே வாசிக்கும்போது இன்டரப்டுகளை லைப்ரரி நிறுத்திவைக்கிறது. கட்டளைக்கு ஒன்பது, பதிலுக்கு முப்பத்து மூன்று என நாற்பத்திரண்டு பிட்களுக்கு ஏறத்தாழ 170 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் கடிகாரக் கணக்கு கெட்டுவிடாது. 2001இன் கேம்கியூப் பேடும் இதே மொழியைப் பேசினாலும், அதன் கட்டளையும் பதிலும் நீளமானவை. சுமார் 360 மைக்ரோ விநாடி இன்டரப்ட் நின்றுவிடும். 115200 வேகத்தில் சீரியலில் எழுத்துகள் உள்ளே வந்துகொண்டிருந்தால் அந்த நேரத்தில் நான்கு எழுத்துகள் வந்துவிடும். ஊனோவின் சிப்பில் அத்தனைக்கும் இடம் இல்லாததால் சில தொலைந்துபோகலாம். கேம்கியூப் பேடைச் செருகியதும் கணினியிலிருந்து அனுப்பும் கட்டளைகள் பாதி வராமல் போகின்றன என்ற புகாருக்கு விளக்கம் இதுதான், அதற்கு என்னிடம் தீர்வும் இல்லை. வாசிக்காத நேரத்தில் மட்டும் அனுப்புங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

இன்டரப்டை நிறுத்திய பிறகும் கோளாறு நீடித்தால் புல்-அப் மின்தடையைப் பாருங்கள். இந்தக் கம்பியை யாரும் உயர்நிலைக்குத் தள்ளக்கூடாது. தாழ்த்துவதும் விட்டுவிடுவதும் மட்டுமே முறை, உயர்த்துவது மின்தடையின் வேலை. சிப்பின் உட்புறப் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருப்பதால், கம்பியின் மின்தேக்கத்தோடு சேர்ந்து உயர்வதற்கே சில மைக்ரோ விநாடிகளை எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு 5 வோல்ட்டுக்கு இழுக்கும். அதை அணைத்துவிட்டு, 1 கிலோ ஓம் மின்தடையை 3.3 வோல்ட்டில் கட்டுங்கள். 5 வோல்ட்டில் ஓடும் ஊனோ, உயர்நிலை என்று ஏற்க உறுதியளிப்பது 3 வோல்ட்டிலிருந்துதான். எனவே இடையில் இருப்பது 0.3 வோல்ட் மட்டுமே என்பதையும், தளர்ந்த பிரெட்போர்டு அதை விழுங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். வசதி இருந்தால் ராஸ்பெர்ரி பை பிக்கோவுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் அறிவுரை. அதன் பிஐஓ என்ற தனிப் பகுதி, மையச் செயலியைத் தொந்தரவு செய்யாமல் இந்த நேரக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நிண்டெண்டோ 64 குச்சி முழுவதும் சாய்த்தாலும் 127ஐத் தொடவில்லை.

தொடாது. அதன் இயல்பான எல்லை 80ஐ ஒட்டியே இருக்கும், தேய்ந்த குச்சியில் இன்னும் குறையும். நடுப்புள்ளி விலகியிருந்தால் எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மின்சாரம் வந்தபோது குச்சி எங்கே இருந்ததோ அதையே பேடு பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. செருகும்போது குச்சியைத் தொடாமல் இருந்தால் போதும்.

கேம்கியூப் பேடில் பொத்தான்கள் எல்லாம் வருகின்றன, அதிர்வு மட்டும் இல்லை.

அதிர்வு மோட்டாருக்குத் தனியாக 5 வோல்ட் கம்பி உண்டு. அதை நீங்கள் இணைக்கவில்லை.

பிளேஸ்டேஷன் பேடுக்கு லைப்ரரி பிழை எண் தருகிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

பரவலாகப் பயன்படும் பிஎஸ்2எக்ஸ் லைப்ரரியின் எண்களையே நானும் பின்பற்றுகிறேன். 1 என்றால் பேடே கிடைக்கவில்லை. 2 என்றால் பேடு இருக்கிறது, ஆனால் கட்டளைகளை ஏற்கவில்லை. 3 என்றால் பொத்தானின் அழுத்த அளவைத் தரும் நிலைக்குப் போக மறுக்கிறது. மூன்றாவது பெரும்பாலும் பிழையே இல்லை. அந்த வசதி இல்லாத பேடைச் செருகியிருக்கிறீர்கள். நிரலில் அழுத்த அளவு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் எண் வந்தால் பைட்களை அச்சிட்டுப் பாருங்கள். போர்டு ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களில் 01, 42, 00 என்று அனுப்பும்போது, பேடு எஃப்எஃப் என்ற வெற்று பைட்டோடு தன் அடையாள எண்ணையும், அதையடுத்து 5ஏ என்ற எண்ணையும் திருப்பி அனுப்ப வேண்டும். அடையாளம் 41 என்றால் குச்சிகள் இயங்காத எண்ம நிலை. 73 என்றால் அனலாக் நிலை. 79 என்றால் அழுத்த அளவோடு கூடிய டூயல்ஷாக் 2. இந்த எண்ணின் வலது இலக்கம், இனி எத்தனை இரட்டை பைட்கள் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறது. 41க்கு இரண்டு பைட், 73க்கு ஆறு, 79க்குப் பதினெட்டு. குச்சிகள் அசையவில்லை என்று எழுதுபவர்கள் பலருக்கு 41தான் வந்துகொண்டிருக்கும். பேடின் நடுவில் உள்ள அனலாக் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது.

எல்லாமே எஃப்எஃப் என்று வந்தால் பேடை அழைக்கும் அட்டென்ஷன் கம்பியையும் பிட் வரிசையையும் பாருங்கள். இந்தப் பேடு ஒவ்வொரு பைட்டிலும் சிறிய மதிப்புள்ள பிட்டை முதலில் அனுப்புகிறது, பெறுகிறது. போர்டின் எஸ்பிஐ என்ற தொடர்த் தொடர்பு வன்பொருளைப் பயன்படுத்தினால் முறை எண் 3ஐயும், சிறிய பிட் முதலில் என்ற வரிசையையும் அமைக்க வேண்டும். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 42, 5ஏ ஆகிய இரண்டு எண்களும் இருமத்தில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே, விகடகவி என்ற சொல்லைப் போல. 01 அப்படியில்லை, தலைகீழானால் 80 ஆகிவிடும். 41ஓ 82 ஆகிவிடும். ஆகவே அனுப்புவதைச் சரியாகவும் பெறுவதைத் தலைகீழாகவும் எழுதிய நிரலிலும் 5ஏ என்ற எண் சரியாகவே வந்து நிற்கும். அதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அடையாள எண்ணையும் பாருங்கள்.

5ஏ-க்குப் பதிலாக 2டி, ஏடி போன்ற எண்கள் வந்தால் ஒரு பிட் நழுவியிருக்கிறது. எஸ்பிஐ முறை எண் தவறு. விடை நடுங்கிக்கொண்டே இருந்தால் டேட்டா கம்பிக்குப் புல்-அப் இல்லை. பேடு அந்தக் கம்பியைத் தாழ்த்த மட்டுமே செய்யும், உயர்த்தாது. 1 முதல் 10 கிலோ ஓம் வரை ஏதேனும் ஒன்றை 3.3 வோல்ட்டில் கட்டுங்கள். கம்பியில்லாப் பேடு என்றால், அதன் ரிசீவர் விழித்தெழுந்து பேடைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும் என்பதால், நிரலின் தொடக்கத்தில் ஒரு விநாடி காத்திருக்கச் செய்யுங்கள். போர்டு ஓடத் தொடங்கிய பிறகு பேடைச் செருகினால் பிஎஸ்2எக்ஸ் அதைக் கவனிக்காது. போர்டை மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும்.

நன்சக்கில் எண்கள் மாறுகின்றன, ஆனால் அசைவுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

மறைகுறியாக்கம் அணைக்கப்படவில்லை. நன்சக், ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு முறையில் ஹெக்ஸ் 52 என்ற முகவரியில் பேசுகிறது. தொடங்கும்போது எஃப்0 என்ற ரிஜிஸ்டரில் 55ஐயும், எஃப்பி என்ற ரிஜிஸ்டரில் 00ஐயும் எழுதினால் மறைகுறியாக்கம் இல்லாத தரவு வரும். நிண்டெண்டோ 2016இல் வெளியிட்ட என்இஎஸ் கிளாசிக்கின் பேடும், தோற்றத்தில் பழையதாக இருந்தாலும் உள்ளே இதே ஐ2சிதான். அதை என்இஎஸ் வகையில் தேடினால் கிடைக்காது. இவை எல்லாவற்றுக்கும் முகவரி ஒன்றே என்பதால், இரண்டு பேடுகளை ஒரே கம்பிகளில் கட்ட முடியாது. இடையில் டிசிஏ9548ஏ போன்ற ஐ2சி மல்டிபிளெக்ஸர் வேண்டும். என்இஎஸ் பேடுகளுக்கு இத்தொல்லை இல்லை. லாட்ச், கிளாக் கம்பிகளைப் பொதுவாக்கி, டேட்டாவை மட்டும் தனித்தனி முனைகளில் எடுத்துக்கொள்ளலாம்.

பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே விடை வருகிறது; வேகமாகத் தட்டினால் சில தட்டல்கள் பதிவாவதே இல்லை.

சீரியல் வேகம் 9600 என்று இருக்கும். அந்த வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துகள்தாம் போகும். நாற்பது எழுத்து கொண்ட ஒரு வரிக்கு ஏறத்தாழ 42 மில்லி விநாடி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரி அச்சிட்டால், இரண்டரைக் காட்சிச் சட்டங்களுக்கு ஒருமுறைதான் பேடைப் படிக்கிறீர்கள். வேகத்தை 115200 ஆக்குங்கள், நிலை மாறும்போது மட்டும் அச்சிடுங்கள்.

ஊனோவைக் கணினியில் செருகினால் ஜாய்ஸ்டிக்காகத் தெரியவில்லை.

ஊனோவின் முதன்மைச் சிப்பான ஏடிமெகா328பி-க்கு யுஎஸ்பி பேசத் தெரியாது. ஏடிமெகா32யு4 சிப்பு கொண்ட லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ வாங்குங்கள்.

எல்லாம் சரி; ஒரே ஒரு பொத்தான் மட்டும் பலமாக அழுத்தினால்தான் பதிவாகிறது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம், திருப்புளியை எடுங்கள். பொத்தானுக்கு அடியில் உள்ள ரப்பரின் கரிப்பொட்டும் அது தொடும் தடங்களும் ஆண்டுக்கணக்கில் அழுக்கேறியிருக்கும். தடங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கரிப்பொட்டை மிக மெதுவாக ஒருமுறை மட்டும் துடையுங்கள், தேய்த்தால் கரியும் சேர்ந்து வந்துவிடும். காய்ந்த பிறகு மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கரிப்பொட்டில் வைத்து மின்தடையை அளந்து, அதே பேடில் நன்றாக வேலை செய்யும் பொத்தானின் அளவோடு ஒப்பிடுங்கள். பல மடங்கு வேறுபட்டால் ரப்பரை மாற்றிவிடுங்கள்.